கல்லில் வெட்டிய பெயர்

தென்காசியில் நாங்கள் கட்டிய பள்ளிக்கூடத்துக்கு நன்கொடை தந்தவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டச் சொன்னவன் நான். குற்றாலத்துச் சீசனில் செருப்புத் தைத்த கூலியை அப்படியே தந்த மாடனின் பெயரையும் மிராசுதார்களின் பெயர்களோடு சேர்த்தேன். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் அவர் வந்தார்.

“இதுல எம் பேரு எங்கன இருக்கு சாமி?”

காட்டினேன். எழுத்தறியாத அவர் அதை விரலால் மெல்லத் தடவினார்.

“நல்லாத்தான் இருக்கு. கொத்தி எடுத்துருங்க.”

“ஏன் அண்ணாச்சி?”

“இது இருந்தா எம் மவனச் சேக்க மாட்டோம்னு பெரியவங்க சொல்லுதாவ. அவன் படிக்கணும்லா.”

கொத்தி எடுத்தோம். பையனைச் சேர்த்துக்கொண்டார்கள், வகுப்புக்கு வெளியே தாழ்வாரத்தில்.

விழாவில் நன்றியுரை சொன்னதும் நான்தான். அதிலும் மாடன் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் அந்தத் தாழ்வாரமும் பையனுக்கு இல்லாமல் போய்விடும்.