பாவசங்கீர்த்தனத்தில் சொல்லாத பழி

எழுபதுகளில் எங்கள் திரேஸ்புரம் கோயிலில் ஆர்மோனியம் வாசித்தவர் வத்தலும் தொத்தலுமாக இருப்பார். வாசிக்குமுன் ஒரு கிராம்பை வாயில் அடக்கிக்கொள்வார். மாதா திருவிழாவில் நான் எல்லார் முன்னாலும், "அண்ணாச்சி பெட்டிக்கு இளைப்பு, ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க" என்று கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை. கிராம்பை மட்டும் கடித்தார்.

கிறிஸ்துமஸ் காலைப் பூசையில் எனக்குத் தனிப்பாட்டு. மனிதர் சுருதியை இரண்டு கட்டை ஏற்றிவிட்டார். மேல்வரியில் என் குரல் மிதிபட்ட பூனை போலக் கத்தி, அப்படியே நின்றது. கிறிஸ்துமஸ் குடிலில் இடமிருந்தால் மாட்டுப் பொம்மைக்குப் பின்னால் போய் ஒளிந்திருப்பேன். அப்போது பின்னாலிருந்து மீன் விற்கும் பெண்கள் பாட்டை எடுத்தார்கள். அந்தக் கட்டை அவர்களுக்குச் சர்வசாதாரணம். கோயிலே சேர்ந்து பாடியது. ஆண்டவர் பக்கத்தில் வந்து நிற்பது போல எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பூசை முடிந்ததும் அவரைப் பிடித்தேன். "வேணும்னே ஏத்துனீங்களா அண்ணாச்சி?"

"ஆமாலே. நேத்து பங்குச் சாமியார்ட்ட பாவசங்கீர்த்தனத்துல எல்லாப் பாவத்தையும் சொன்னேன், இதை மட்டும் சொல்லல. சொன்னா செய்யக்கூடாதுல்லா?"

"இப்ப மனசு குளுந்துச்சா?"

"எங்கலே! நீ முழிக்கத பாத்துச் சிரிக்கணும்னுதான் காத்துக் கெடந்தேன். அவளுக பாடுனதும் கண்ணு நெறஞ்சு, உன்னைப் பாக்கவே மறந்துட்டேன்."

நானும் அந்த நேரம் அவரையும் பட்ட அவமானத்தையும் மறந்து அழுதவன்தான். அதை அவரிடம் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார். அவ்வளவு லேசில் விட எனக்கு மனசில்லை.