அக்கா வராத படம்

ஐம்பத்தாறு வயதில், சேலத்துத் தியேட்டர் ஒன்றில், நாலு பேர் பார்க்க நான் தேம்பித் தேம்பி அழுதேன். படம் உருக்கமாக இருந்ததால் அல்ல. திரையில் வந்த பையன் நான் என்பதால். இதைவிடக் கேவலமான காரணத்துக்கு யாரும் அழுதிருக்க மாட்டார்கள்.

ஏற்காட்டுக்கு வந்த ஓர் இளம் இயக்குநர், "மலைப் பையன் ஒருத்தன் வளர்ந்து ஆளாகிற கதை சார், குடும்பக் கதை. உங்க சின்ன வயசை எழுதிக் குடுங்க" என்று கேட்டிருந்தார். யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்துக் கிடந்தவனாயிற்றே! பத்தே நாளில் நாற்பது பக்கம். எஸ்டேட் காவல்காரரான அப்பாவின் அதட்டல், அம்மாவின் இருமல், பள்ளிக்கூடம் போகுமுன் பனியில் விறைத்தபடி காப்பிப் பழம் பறித்த பிஞ்சு விரல்கள்.

அந்த விரல்கள் அக்காவுடையவை. எட்டாவதோடு அவளை நிறுத்தி, இடுப்பில் சாக்கைக் கட்டித் தோட்டத்துக்கு அனுப்பினார் அப்பா. அதனால்தான் நான் தொடர்ந்து படித்தேன்.

மலைமேலேயே வாழவந்தியில் வாக்கப்பட்ட அக்கா, "எங்கூட்டுக் கதை சினிமாவுல வருது, நானும் அதுல வாறேன்" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டாள். படம் வந்த முதல் நாளே, கல்யாணத்துக்குக் கட்டும் பட்டுச்சேலையில், மருமகளையும் கூட்டிக்கொண்டு மலையிறங்கி வந்து, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்கத்தை, நீங்க எப்பங்க வருவீங்க?" என்றாள் மருமகள்.

"இருடி, இப்பத்தான பள்ளிக்கூடம் போறான்."

பையன் காப்பிப் பழம் பறித்தான். அக்கா என் பக்கம் சாய்ந்தாள். "ஏஞ்சாமி, நீ எப்படா பழம் பறிச்ச?"

நான் அழுகையில் மும்முரமாக இருந்தேன்.

இடைவேளை விட்டது. "இன்னும் வல்லீங்களே அத்தை" என்றாள் மருமகள், பாப்கார்னை மென்றுகொண்டே. பையன் காலேஜ் போனான். அப்பா செத்தார். படம் முடிந்து பெயர்கள் ஓடின. அக்கா எழுந்து நின்று, எழுத்துக் கூட்டி, ஒன்று விடாமல் படித்தாள். கூட்டிப் பெருக்குகிறவர்கள் வந்த பிறகுதான், "அவ்வளவுதானா?" என்றாள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. மாடிப்படியில் நின்று இயக்குநருக்குப் போன் போட்டேன். "எங்கய்யா என் அக்கா? அவ இல்லாம எங்க குடும்பம் ஏதுய்யா? வெட்டி எறிய உனக்கு யாரு அதிகாரம் குடுத்தா? நீயெல்லாம் அக்கா தங்கச்சியோட பொறந்தவனா?" இன்னும் திட்டியது அச்சேறாது.

மூச்சு வாங்க நிறுத்தினேன். "சார்," என்றார் அவர் பணிவாக, "எந்த அக்கா? நீங்க குடுத்த நாற்பது பக்கத்துல அக்கான்னு ஒரு வார்த்தைகூட இல்லியே. நீங்க ஒரே பையன்னுதான் நெனச்சேன்."

போனை வைத்தேன். அவளைப் படிக்க விடவில்லை என்று அப்பாமேல் முப்பது வருஷம் கோபமாக இருந்தவன் நான். அந்த மனுஷனுக்காவது இல்லாமை என்று ஒரு சாக்கு இருந்தது. எனக்கு என்ன? பக்கம் போதவில்லையா? பனியைப் பற்றி மட்டும் மூன்று பக்கம் எழுதியிருந்தேனே, படுபாவி!

மலையேறும் பஸ்ஸில், மருமகள் தூங்கியதும் சொன்னேன். "அந்த ஆள் மேல தப்பில்லக்கா. நாந்தான் உன்னைய எழுதல. நீ பறிச்சதையெல்லாம் நான் பறிச்சதா எழுதிட்டேன்."

அறைந்திருக்கலாம். மருமகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கியே, இப்ப என்னன்னு சொல்லுவ?"

"உடு சாமி. நம்மூருச் சனம் ஒண்ணும் இந்தப் படத்துக்கு வராது. நானே நடுவுல ரெண்டு தடவ தூங்கிப் போட்டேன். அப்பத்தான் படத்துல நான் வந்துட்டுப் போயிட்டனாட்டம் இருக்குதுன்னு நெனச்சேன்."