பயத்தில் ஏறும் சர்க்கரை

என் மனைவி தூங்கும்போது அவள் கை தூங்காது. மத்தியானம் சற்றுக் கண்ணயர்ந்தால், விரல்கள் தலையணையை மெல்ல அமுக்கித் தேட ஆரம்பிக்கும். நாய் பூனைகளின் வயிற்றில் ஈரல் எங்கே, சிறுநீரகம் எங்கே என்று தடவித் தடவி வந்த பழக்கம். "என்ன, தலையணைக்கு ஈரல் வீங்கியிருக்கா?" என்று கேட்பேன். "தள்ளிப் படுங்க" என்பாள். கால்நடை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியையோடு குப்பை கொட்டுவது என்றால் இப்படித்தான்.

அவள் படித்த காலத்தில் அந்தக் கல்லூரியில் மாட்டுக்குத்தான் மரியாதை. நாய் பூனைகளின் உள்நோய்களைப் பார்க்க, சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் ஒரே ஓர் அறை. மேற்படிப்புக்கு அதைத்தான் கேட்டு வாங்கினாள். எங்கள் கல்யாணத்தன்றே, நாலு பேர் கேட்க, "மனுஷங்களைப் பார்க்க மார்க் பத்தலையாமா?" என்றாள் என் அக்கா. என் மனைவி சிரித்துவைத்தாள். ஆனால் அதன்பிறகு அக்கா வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஆராய்ச்சிக்கு அவள் எடுத்துக்கொண்டது பூனையின் சர்க்கரை. கூடையில் அடைத்து, பஸ் இரைச்சலில் தூக்கிவந்து, நாய் குரைக்கும் வராந்தாவில் வைத்தால், பயத்திலேயே பூனைக்கு ரத்தச் சர்க்கரை ஏறிவிடும். அதை நோய் என்று நம்பி ஊசி போட்டால், இல்லாத நோய்க்குப் போட்ட மருந்தே அதைக் கொன்றுவிடலாம். அதனால் இவள் வீடு வீடாகப் போனாள். யார் வீட்டுச் சோபாவிலோ உட்கார்ந்து, பூனை இவளை மறந்து உறங்கும்வரை காத்திருப்பாள். பிறகு காதோரம் ஒரு குத்து, ஒரு சொட்டு. பாதி வீடுகளில் பூனையோடு சேர்ந்து இவளும் தூங்கிவிட்டாள். 'தூங்குமூஞ்சி மேடம்' என்று மாணவர்கள் பேர் வைத்தார்கள். கட்டுரைகள் திரும்பி வந்தன, மறுபடி போயின, அச்சாயின. செய்தித்தாளிலும் அவ்வப்போது எழுதினாள். தூங்கித் தூங்கியே பேராசிரியை ஆனவள் உலகத்தில் இவள் ஒருத்திதான். கணக்குத் தணிக்கை செய்கிற எனக்கு எண் என்றால் எண். அவளோ எந்த எண்ணைக் காட்டினாலும், "இதை எங்க வச்சு எடுத்தீங்க?" என்பாள்.

போன மாதம் அக்கா போன் செய்தாள். அத்தான் போனபிறகு அந்த வீட்டில் அவளுக்கு ஒரு பூனைதான் துணை. உட்கார்ந்து தின்றுவிட்டு உறங்குவதால் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பேர். மாப்பிள்ளை இளைத்துக்கொண்டே போகிறானாம், ஓயாமல் தண்ணீர் குடிக்கிறானாம். ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோய் என்று சொல்லிவிட்டார்கள்.

"அதெல்லாம் பயம்டா. உன் பொண்டாட்டிதானே பேப்பர்ல எழுதியிருக்கா, பயந்தா ஏறும்னு. அவளையே வந்து சொல்லச் சொல்லு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செய்தித்தாளில் இவள் எழுதியதையெல்லாம் அக்கா விடாமல் படித்திருக்கிறாள்.

போனோம். திரை வழியாக மஞ்சளாக வடிகட்டிய வெயில். பூனை தானாக வரட்டும் என்று உட்கார்ந்திருந்தோம். அலமாரி மேலிருந்து எங்களை நோட்டம் விட்ட மாப்பிள்ளை, மெதுவாக இறங்கிவந்து என் மனைவியின் மடியில் சுருண்டான். மின்விசிறி சுற்றச் சுற்ற அறையே எங்கோ மிதந்து போவதுபோல் இருந்தது. அக்காவின் தலை சாய்ந்தது. என் கண்ணும் சொருகியது. அக்காவும் என் மனைவியும் ஒரே அறையில் அத்தனை நேரம் நிம்மதியாக இருந்ததை நான் கனவில்கூடக் கண்டதில்லை.

காதில் குத்தியபோது பூனை அசையக்கூட இல்லை. என் மனைவி கையிலிருந்த சின்னக் கருவியைப் பார்த்தாள். இன்னொரு சொட்டு எடுத்து மறுபடியும் பார்த்தாள். வெறும் பயம் என்றால் இந்நேரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. 'பயம்தான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அக்கா அவளைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவாள். சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று எனக்கே ஆசையாக இருந்தது.

அக்கா கண் விழித்தாள். "பயம்தானே?"

"இல்ல அண்ணி. அவன் பயப்படவே இல்ல. நோய்தான். தினம் ரெண்டு வேளை ஊசி போட்டா நல்லா இருப்பான். போடலேன்னா ரொம்ப நாள் தாங்க மாட்டான்."

அக்கா வெடிக்கப் போகிறாள் என்று, செருப்பு எந்தப் பக்கம் கிடக்கிறது என வாசலைப் பார்த்தேன். அவள் எழுந்துவந்து மாப்பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள்.

"பயம் எனக்குத்தான்," என்றாள் கடைசியில். "ஊசின்னாலே சின்ன வயசுலேர்ந்து எனக்கு ஆகாது. எப்படிப் பிடிக்கணும், காட்டு."

என் மனைவி நகர்ந்து இடம் கொடுத்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருடத்தில், அக்கா அவளிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை.