எந்த விசிறியில் இருந்தது

விலங்கியல் துறையின் கண்ணாடி அலமாரியிலிருந்து, பவளத்துக்குச் சொந்தமான கடல் விசிறி ஒன்றைக் காய்ந்த நிலையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தேன். இலையில்லாத சின்ன மரத்தை நசுக்கித் தட்டையாக்கியது போல, மஞ்சள் நிறத்தில், இரண்டு கை அகலம் இருந்தது. கிளைகளில் அங்கங்கே கடலை அளவு வீக்கங்கள். ஏதோ நோய் என்று நினைத்தேன். "நோயும் இல்ல, நொடியும் இல்ல. உச்சியில ஒரு கீறல் தெரியறதா பாரு, அதான் கதவு. உள்ள ஒருத்தர் குடியிருந்தார்," என்றார் அக்கா. கதவா! படகின் அடியில் ஒட்டுவதைக் கடற்கரைக்காரர்கள் கொட்டலசு என்பார்கள்; எங்கள் பாடப் புத்தகத்தில் பார்னக்கிள். பார்க்கச் சிப்பி மாதிரி இருந்தாலும் இறாலுக்கும் நண்டுக்கும்தான் சொந்தம். அதில் ஒரு வகை பவளத்திலும் கடல் விசிறியிலும் மட்டும் குடியேறும். விசிறி தன் தோலையே வளர்த்து அதைப் போர்த்திவிடும். பக்கத்து அலமாரியில் ஒரு சிவப்பு விசிறி. அதிலும் வீக்கங்கள். "அதுல இருக்கிறதும் இதுல இருக்கிறதும் ஒரே இனம்தானாக்கா?" என்று கேட்டேன். அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுக்குத்தான்டி மூணு வருஷமா ஸ்ரீரங்கத்துலேர்ந்து பஸ் ஏறி வந்துண்டிருக்கேன்."

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. அவர் ஆராய்ச்சி மாணவி. நான் அதே ஆய்வகத்தில் முதுகலை இரண்டாமாண்டு. மீன் வாசனையே ஏறாத வீட்டிலிருந்து வந்து, நாள் முழுக்க இறாலின் ஒன்றுவிட்ட தம்பிகளைக் குடைந்துகொண்டிருப்பார். "எங்காத்துல நேரே குழாயடிக்குத்தான் அனுப்புவா. தலையோட தீர்த்தமாடினாத்தான் உள்ள விடுவா," என்று சிரிப்பார். கொட்டலசின் கதவு நான்கு சின்னஞ்சிறு தகடுகளால் ஆனது. அந்தத் தகட்டின் மூக்கு நேராக இருக்கிறதா, வளைந்திருக்கிறதா என்பதில்தான் அவருடைய மூன்று வருடமும் இருந்தது. வளைந்த மூக்கு வைத்தவற்றுக்கு இதுவரை யாரும் பெயர் வைக்கவில்லை என்று நம்பினார். ஒரே விசிறியில் நேர்மூக்கும் வளைமூக்கும் சேர்ந்து வாழ்ந்தால் அவை இரண்டு இனம் என்று வாதாடலாம். வேறு வேறு விசிறியில் என்றால், வீட்டுக்கேற்ப உடம்பு வளைந்தது என்று யாரும் சொல்லிவிடலாம். ஆகவே எது எந்த விசிறியில் இருந்தது என்பதுதான் எல்லாம்.

நாற்பத்தொரு கொட்டலசுகளைப் பெயர்த்து, நாற்பத்தொரு குட்டிப் புட்டிகளில் போட்டு, ஒவ்வொன்றிலும் விசிறியின் பெயர் எழுதிய சீட்டை வைத்திருந்தார். இரண்டு நாள் வெளியூர் போகும்போது, "ஒண்ணொண்ணா கழுவி, அததை அதது புட்டியிலயே போட்டுடு. வந்து அளந்துக்கறேன்," என்றார். சரிங்கக்கா என்றேன். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. எங்கள் வீடு மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலைக்குப் பின்னால். ரகம் ஒன்றாக இருந்தால் எந்த வயல் நெல் என்று அப்பா கேட்கவே மாட்டார். சலித்து ஒரே குவியலாகக் கொட்டுவார். அந்தப் புத்தி கையிலேயே ஊறியிருக்கிறது. தூரிகையால் தேய்த்துக் கழுவி, நேர்மூக்கு ஒரு தட்டு, வளைமூக்கு ஒரு தட்டு, உடைந்தது ஒரு தட்டு என்று பிரித்தேன். புட்டிகளையும் கழுவிக் கவிழ்த்தேன். சீட்டுகளை ரப்பர் பேண்டு போட்டு அழகாகக் கட்டி வைத்தேன். அக்கா பாராட்டப் போகிறார் என்று காத்திருந்தேன்.

வந்தவர் தட்டுகளைப் பார்த்தார். கவிழ்ந்த புட்டிகளைப் பார்த்தார். சீட்டுக் கட்டைக் கையில் எடுத்தார். "என்னடி, அரிசிக் கடை வெச்சுட்டியா?" என்றார். குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்கவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அழுதேன். "அழறதை அப்புறம் வெச்சுக்கோ. லென்ஸை எடு."

விசிறியின் தோலில் மணல் போல நுண்ணிய துகள்கள் இருக்கும். சிவப்பு விசிறிக்குச் சிவப்பு, மஞ்சளுக்கு மஞ்சள். கொட்டலசின் அடிப்பகுதி கிளையைக் கவ்வியிருந்த பள்ளத்தில் ஒரு துகளாவது மிச்சமிருந்தால் வீடு தெரிந்துவிடும். பதினோரு நாள் தேடினோம். இருபத்து நான்குக்குக் கிடைத்தது. எல்லாமே நேர்மூக்கு, சிவப்பிலும் மஞ்சளிலும். வளைமூக்கு இருந்ததே ஏழுதான். ஏழிலும் ஒன்றுமில்லை. அவைதான் அழகு என்று, அவற்றைத்தான் ஆசையாசையாகத் தேய்த்திருந்தேன். "மஞ்சள்னே போட்டுடலாம்க்கா. வளைமூக்கு மஞ்சள்லதான் இருந்திருக்கும்னு நீங்கதானே சொல்வீங்க," என்றேன். "மூக்கைப் பார்த்து வீட்டைச் சொல்லுவேன். அப்புறம் அந்த வீட்டைக் காட்டி மூக்குக்குப் பேர் வைப்பேன். நன்னாருக்கே!" என்றார். வீடு தெரியாத மற்றவற்றோடு அந்த ஏழுக்கும் புதிதாகச் சீட்டு எழுதினார்: விசிறி தெரியவில்லை. ஆய்வேட்டில் அந்த அத்தியாயம் அரைப் பக்கக் குறிப்பாகச் சுருங்கியது. தவறு யாருடையது என்று பேராசிரியர் கேட்டபோது, "என் பொறுப்புல இருந்தது சார்," என்று மட்டும் சொன்னார். பட்டம் வந்தது. பெயர் வைக்க முடியவில்லை. இப்போது வேறொரு ஊர்ப் பள்ளியில் பாடம் நடத்துகிறார்.

நான் அதே ஆய்வகத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருக்கிறேன். மஞ்சள் விசிறியில் அக்கா பெயர்க்காமல் விட்ட மூன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தோல் போர்த்தியிருப்பதால் அவற்றின் மூக்கு வெளியே தெரியாது. கடல் விசிறி பாதுகாக்கப்பட்ட உயிரி, புதிதாக எடுக்க முடியாது. இருப்பதையும் இனிமேல் பெயர்க்கக்கூடாது என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். போன வாரம் கடைவாய்ப் பல் வலி என்று தில்லை நகரில் ஒரு பல் மருத்துவமனைக்குப் போனேன். டாக்டரம்மா என் தாடையை நாலா பக்கமும் எக்ஸ்ரே படம் பிடித்துத் திரையில் சுழற்றிக் காட்டினார். ஈறுக்குள் பல்லின் வேர் வளைந்திருந்தது தெரிந்தது. வலி மறந்துபோய் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். "டாக்டர், இதுல ஒரு கடல் விசிறியை வெச்சுப் பார்க்கலாமா?" "யாருக்குப் பல் வலி, அதுக்கா உங்களுக்கா?" என்று சிரித்தார். ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமை காலை வரச் சொல்லிவிட்டார். பேராசிரியரிடம் அனுமதிக் கடிதம் வாங்கிவிட்டேன்.

மூன்றில் ஒன்றாவது வளைமூக்காக இருந்தால், மஞ்சள் விசிறியில் இரண்டும் சேர்ந்து வாழ்ந்தது உறுதி. அக்காவின் ஏழுக்கும் பெயர் வைக்க வழி பிறக்கும். அக்காவிடம் போனில் சொன்னேன். "இல்லேன்னாலும் அன்னிக்கே சொல்லிடு. மனசுக்குள்ள வெச்சுண்டு அலையாதே," என்றார். இதோ கை பரபரக்கிறது. ஆனாலும் நேராக விசிறியை வைக்கப் போவதில்லை. விசிறி தெரியாத வளைமூக்கு ஏழில் ஒன்றை முதலில் அந்தக் கருவியில் வைக்க வேண்டும். வளைவு நமக்குத் தெரிந்த மூக்கு படத்திலும் வளைந்து விழுகிறதா என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் விசிறி.