அண்ணையின் படிப்புக்கு என் காணி

அண்ணைக்கு இந்தியாவில் இரசாயனப் பொறியியல் படிக்க இடம் கிடைத்தபோது, அந்தப் படிப்புக்கு வேலை தரக்கூடிய எங்கள் பக்கத்துச் சீமெந்து ஆலை யுத்தத்தால் மூடிக் கிடந்தது. படித்து வந்தாலும் வேலை எங்கே என்று அம்மா கேட்டார்.

“வேலை கிடக்கட்டும். எஞ்சினியர் மாப்பிள்ளையெண்டால் பொம்பிளை வீட்டுக்காரர் சீதனத்துக்கு மேலாலை எங்களுக்கு எவ்வளவு டொனேஷன் காசு தருவினம்! அதை வைச்சு இவளைக் கரைசேர்ப்பம்” என்றார் அப்பா, என்னைக் காட்டி.

படிப்புச் செலவுக்கு, என் சீதனத்துக்கென்று வைத்திருந்த சுன்னாகத்துத் தோட்டக் காணியை விற்பதாக முடிவு. வாங்குபவர் விறாந்தையில் வந்து இருந்துவிட்டார். நான் அப்பாவுக்கு முன்னால் போய் நின்றேன்.

“அப்பா, எங்களுக்கு டொனேஷன் தர, அண்ணைக்கு வரப்போற பொம்பிளையின்ரை காணியையும் இப்பிடித்தானே விப்பினம்?”

அப்பா கையை ஓங்கிவிட்டார். அண்ணை குறுக்கே வந்து நின்றார்.

“அவளுக்கு அடியாதேங்கோ. நான் போகேல்லை.”

வந்தவர் தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார். நான் வென்றுவிட்டதாகவே நினைத்தேன்.

மறுநாள் காலை, பயணத்துக்கு அடுக்கியிருந்த உடுப்புகளை அண்ணை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பவும் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் படிப்பில் அவருக்கு ஆசை இருந்ததா என்று அப்பா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.