ஓடிக்கொண்டிருந்த மோட்டார்களின் கணக்கு

நன்னிலத்தில் மோட்டார் காயில் கட்டும் பூவிழியைத் தெரியாதவர் விவசாயியே இல்லை என்பேன். எங்கள் குழுவில் பன்னிரண்டு பெண்கள், பதினைந்து ஏக்கர். குறுவைக்கு மானியத்தில் ஒரே ஒரு போர் மோட்டார் வாங்க அனுமதி கிடைத்தது. ஆற்றுத்தண்ணீர் வருவதற்குள் அது புகைந்துபோனால் பயிர் மொத்தமும் கருகிவிடும். சிவப்புக் கம்பெனியா, நீலக் கம்பெனியா என்று குழுத் தலைவியான நான்தான் சொல்ல வேண்டும். பூவிழியிடம் போனேன்.

கடைக்கு வரும் ஒவ்வொரு மோட்டாரும் வாங்கிய தேதி, எரிந்த தேதி எல்லாம் அவள் நோட்டில் இருக்கும். "சிவப்பு சராசரியா நாலு வருஷம் ஓடியிருக்குக்கா. நீலம் மூணு கூட இல்ல. சிவப்பே வாங்குங்க" என்றாள். நானும் ஊரெல்லாம் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலையில் வந்து நின்றாள். "தப்பு பண்ணிட்டேங்க்கா. என் கடைக்கு எரிஞ்ச மோட்டார்தானே வரும்? நல்லா ஓடுறதை நான் எண்ணவே இல்லையே. நீலம் இந்தப் பக்கம் வந்தே ஆறு வருஷம்தான் ஆகுது. அதுல சீக்கிரம் எரிஞ்சது மட்டும்தானே இதுவரைக்கும் என்கிட்ட வந்திருக்கும்?"

எனக்கு வந்த கோபம்! "அடிப்பாவி, ஊருக்கே சொல்லிட்டேன்டி. என் மூஞ்சிய எங்க வச்சுக்கிறது?"

"அதுக்காகப் பயிரைக் காய விடலாமாக்கா?"

ஐந்து நாள் கடையைப் பூட்டிவிட்டு மொபெட்டில் வயல் வயலாக அலைந்தாள். ஆறு வருஷத்துக்கு முன் ஒரே வருஷத்தில் வாங்கியதாகச் சிவப்பில் இருபது, நீலத்தில் இருபது தேடிப் பிடித்தாள். குழுக் கூட்டத்தில் தான் சொன்னது தப்பு என்று முதலில் ஒப்புக்கொண்டாள். பிறகு வாசித்தாள். ஒரு வருஷம் தாண்டி ஓடியது சிவப்பில் பதினெட்டு, நீலத்தில் பத்தொன்பது. மூன்று வருஷத்தில் பதின்மூன்று, பதினேழு. ஐந்தில் எட்டு, பதினான்கு.

குழுவில் ஒருத்தியான கண்ணாத்தாள் விடவில்லை. "நீலமும் ஒண்ணு மொத வருஷமே எரிஞ்சிருக்குல்ல?"

"எரியவே எரியாதுன்னு நான் சத்தியம் பண்ணலைங்க. எந்த வருஷத்துல நின்னு பாத்தாலும் நீலம்தான் அதிகமா ஓடிட்டு இருக்கு. ஒரு வருஷமாவது சிவப்பு முந்தியிருந்தா யோசிக்கலாம்."

நீலம் வாங்கினோம். அந்த ஆனியில் வாய்க்கால் தண்ணீர் மூன்று வாரம் தாமதம். மோட்டார் ஒரு நாள்கூட மக்கர் பண்ணவில்லை. பதினைந்து ஏக்கரும் பிழைத்தது.

அறுப்பு முடிந்ததும் பக்கத்து ஊர்க் குழுவினர் மோட்டார் விசாரிக்க வந்தார்கள். பூவிழி பெயரைச் சொன்னேன். "மொதல்ல தப்பாச் சொல்லிட்டு மாத்திச் சொன்ன பொண்ணுதானே?" என்று ஒருத்தி இழுத்தாள்.

"அவளேதான்" என்றேன். "தான் சொன்னது தப்புன்னு கூட்டத்துல நின்னு சொன்ன மெக்கானிக் வேற யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வாங்க, பாப்போம்!"