எதிர்ச்சுற்றுக் குடும்பம்

ஒரு குடும்பத்தில் எல்லோருக்கும் இதயத்துக்குள் ரத்தம் எதிர்த் திசையில் சுற்றுகிறதாம். தேநீர்க் கடையில் சொன்னார்கள், தபால் நிலைய வரிசையில் சொன்னார்கள், முடிவெட்டும் கடையில் ஒருவர் அது தொற்றுமா என்றே கேட்டார். வாய்க்கு வாய் பின்னோக்கி விசாரித்துக்கொண்டு போனால், செய்தி ஓய்வுபெற்ற ஒரு கணக்காளரின் வீட்டு வாசலில் வந்து நின்றது. அவரோ சட்டைப் பொத்தானைக் கழற்றவே தயாராக இருந்தார்.

"வதந்தியா? எங்கண்ணன் பொண்ணு கம்ப்யூட்டர்ல காட்டினா. இந்தக் கண்ணால பார்த்தேன்."

அண்ணன் மகள் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்பவள். "எப்ப முடியும்?" என்ற கேள்விக்குப் பயந்து விசேஷ வீடுகளுக்குப் போவதையே விட்டிருந்தாள். ஆய்வகத்தில் அவளுக்கு அம்பு என்று பெயர். சாதாரண ஸ்கேனில், உடம்பின் மேல் வைத்துப் படமெடுக்கும் கைக்கருவியான ப்ரோப்பை நோக்கி வரும் ரத்தம் சிவப்பு, விலகிப் போவது நீலம். குறுக்கே ஓடுவது அதன் கண்ணில் படாது. அவள் எழுதிய மென்பொருள் அதையும் துரத்திப் பிடித்துக் குட்டிக் குட்டி அம்புகளாக வரையும். இதயத்தின் இடது கீழறைக்குள் வரும் ரத்தம், எல்லோருக்கும் ஒரே திசையில், ஒரு சுழி போட்டுவிட்டுத்தான் வெளியேறும். அந்தச் சுழிதான் அவள் ஆராய்ச்சி, தலைச்சுற்றலும் அதுவே.

நோயாளிகளின் படங்களை மருத்துவமனை டெக்னீஷியன் எடுத்து அனுப்பிவிடுவார். ஒப்பிட்டுப் பார்க்க நலமாக இருப்பவர்களை அவள்தான் தேடிப் பிடிக்க வேண்டும். சட்டையைக் கழற்றி, ஐஸ் மாதிரி ஜெல்லைப் பூசிக்கொண்டு, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க யார் சும்மா வருவார்கள்? சொந்தக்காரர்கள்தான். அப்பா, சித்தப்பா, தம்பி, புலம்பிக்கொண்டே அத்தை என்று எல்லோரும் ஆய்வகக் கட்டிலில் படுத்து எழுந்தார்கள். எல்லோருடைய சுழியும் எதிர்த் திசையில் சுற்றியது.

வழிகாட்டிப் பேராசிரியர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "பரம்பரைம்மா இது! எழுது!" எழுதினாள். ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் கொழுத்தது. அவர் ஒரு மாநாட்டில் அதைப் பேசிக் கைதட்டலும் வாங்கி வந்தார். மாத இறுதிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும்; அதுதான் கடைசி நீட்டிப்பு. ஆய்வுக் குழுவில் ஒருவர் மட்டும் கேட்டார்: "உங்க குடும்பத்துக்கு வெளிய, நல்லா இருக்கிற ஒருத்தரையாவது காட்டக் கூடாதா?"

ஒருத்தர் வீட்டிலேயே இருந்தார். கூச்சம் தாங்காது என்று இத்தனை காலம் தப்பித்துவந்த கணவர். அவரை ஆய்வகக் கட்டிலில் படுக்கவைத்தாள்.

"விலாவுல வைக்காதே, சிரிச்சிடுவேன்."

"சிரிச்சா மறுபடி எடுக்கணும். மூச்சை விட்டு அப்படியே நிறுத்துங்க."

திரையில் அம்புகள் கிளம்பின. சுழி எதிர்த் திசையில் சுற்றியது.

"என்ன, பேயைப் பார்த்த மாதிரி உட்கார்ந்துட்டே?"

"உங்களுக்கும் எதிர் சுத்து."

"உங்க வீட்டு ரத்தம் கல்யாணத்துல ஒட்டிக்கிச்சா?"

அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த ப்ரோப்பையே பார்த்தாள். அதன் ஒரு பக்கத்தில் சின்ன மேடு ஒன்று உண்டு. அது எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதைப் பொறுத்துத்தான் படத்தின் இடமும் வலமும். இதயம் பார்ப்பவர்கள் ஒரு மாதிரி வைத்துக்கொள்வார்கள், வயிறு பார்ப்பவர்கள் நேர் எதிராக. மருத்துவமனையில் இதய வழக்கம். இவள் முதல் வருடம் கற்றுக்கொண்டதோ, பக்கத்து ஆய்வகத்தில் ஈரலைப் படமெடுத்துக்கொண்டிருந்தவர்களிடம். மென்பொருளும் கீழறையை மட்டும் நறுக்கி எடுத்துவிடுவதால், படம் கண்ணாடி பிம்பமாக இருப்பதைக் காட்டிக்கொடுக்க அதில் வேறொன்றும் மிஞ்சவில்லை.

ப்ரோப்பை அரைவட்டம் திருப்பி வைத்தாள். கணவரின் ரத்தம் ஒழுங்குமரியாதையாக ஊரோடு சேர்ந்து சுற்றியது.

"எங்க குடும்பம் சாதாரணக் குடும்பம்தான்" என்றாள். அழுகையா எரிச்சலா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

"உங்க அத்தையைப் பார்த்த பிறகுமா இப்படிச் சொல்றே?"

மறுநாள் பேராசிரியர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். "யார் யாருக்குத் தெரியும்?"

"என் வீட்டுக்காரருக்கு."

"அவர் வெளிய சொல்வாரா?"

"நான் சொல்லப்போறேன் சார்."

"அவசரப்படாதேம்மா. படத்தையெல்லாம் திருப்பிப் போட்டுட்டா?"

"எல்லாம் ஒரே பக்கம் சுத்தும் சார். அது ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கைதட்டல் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும்.

அவள் குழுவுக்குச் சொன்னாள். நான்காம் அத்தியாயம் போனது. புதிதாக ஒன்று எழுதச் சொல்லி இன்னொரு நீட்டிப்பு கொடுத்தார்கள். இதுதான் கடைசி என்றார்கள், போன தடவையும் கடைசி என்றதை மறந்துவிட்டு. பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் வந்து, நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டிவிட்டு ஓடிப்போனது. யாரைத் திட்டலாம் என்று தேடினாள். ப்ரோப்பைப் பிடித்திருந்த கை அவளுடையதாகவே இருந்தது.

கடைசியாகச் சித்தப்பாவிடம் போனாள். உட்காராமலே சொல்லி முடித்தாள்.

"தப்பு என்னோடது சித்தப்பா. திருப்பிப் பிடிச்சிட்டேன்."

"அப்ப நான்?"

"எல்லாரையும் மாதிரிதான். நல்லா இருக்கீங்க."

"நல்லாத்தான் இருக்கேன். அதை யார்கிட்ட போய்ச் சொல்றது?" அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். "ஆயுசு பூரா அடுத்தவன் கணக்கை எழுதினேன். என்னைப் பத்தி நாலு பேர் பேசினது இதுக்குத்தான். சரி, விடு. படுத்தவங்களுக்கெல்லாம் இதயப் படம் போட்டுத் தர்றதா சொன்னியே, எனக்கு எங்கே?"

"திருத்தின படத்தை நாளைக்கே கொண்டுவர்றேன்."

"அது எனக்கெதுக்கு? பழைய படத்தைக் கொடு."

"அது தப்பான படம் சித்தப்பா."

"இதயம் என்னுதுதானே?"

வீடு திரும்பி, பழையது, திருத்தியது இரண்டையும் அச்சிட்டு மேசைமேல் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தாள். ஆய்வேட்டிலிருந்து தன் கையாலேயே கிழித்துப் போட்ட படத்தை இன்னொருவர் கையில் கொடுக்க மனசு வரவில்லை. திருத்தியதை அவர் தொடமாட்டார். வாரம் தவறாமல் அவர் போன் வருகிறது.

"என்னம்மா, என் படம்?"

"தர்றேன் சித்தப்பா" என்கிறாள். இன்னும் தரவில்லை.